கண்ணாடியில் ஒட்டிய மஞ்சள் சீட்டு

போன வருஷம் என் வீட்டுக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினேன். ‘நான் தன்னம்பிக்கை மிக்கவள்.’ தினமும் தலை வாரும்போது படிப்பேன். படித்த மறுநொடியே உள்ளேயிருந்து ஒரு குரல், “யாரு, நீயா?” என்று கேட்கும். வேளச்சேரி ஸ்டேஷன் படியேறும்போதும் அந்தக் கேள்வி கூடவே வரும்.

நம்ப முடியாத புகழ்ச்சியை நமக்கு நாமே ஊட்டிக்கொள்வதுதான், மனதுக்குள் பாசிட்டிவ்வாகப் பேசிக்கொள்ள நினைக்கிற பலர் செய்கிற முதல் தவறு. கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ‘நான் அன்புக்குரிய ஆள்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களுக்கு மனநிலை இன்னும் மோசமானதாம். எனக்கு ஆச்சரியமே இல்லை. இப்போது அந்த இடத்தில் ‘நேற்று பயந்துகொண்டே பேசினேன், ஆனாலும் பேசி முடித்தேன்’ என்ற மாதிரி எதையாவது எழுதுகிறேன். நடந்ததை அந்தக் குரலால் மறுக்க முடியாது.

கெட்ட நினைப்பே வரக்கூடாது என்று மல்லுக்கட்டுவது அடுத்தது. ‘குரங்கை நினைக்காமல் மருந்து குடி’ என்று நம் பாட்டிகள் சொன்ன கதைதான். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்துப் பார்த்ததும் அதையேதான். நினைக்காதே என்றால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். ‘சரி, பயமாக இருக்கிறது’ என்று ஒப்புக்கொண்டால் கொஞ்சம் அடங்குகிறது.

ஒப்பிடாதே என்று உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்காருவதற்குள் “சம்பளம் எவ்வளவு? சொந்த வீடா?” என்று கேட்கிற ஊரில் அது நடக்காது. அடுத்தவருடைய ஸ்டேட்டஸ் படத்தையும் நம்முடைய திங்கட்கிழமைக் காலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்தாலே போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதையும் ‘பாசிட்டிவ்வாக இருந்தால் சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போடுவது பெரிய தவறு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-க்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது.

ஆனால் நான் அதிகம் செய்த தவறு வேறு: ஒரு பிழையை எனக்குப் பெயராகவே வைத்துவிடுவது. ‘கணக்கில் தப்பு விட்டேன்’ என்பது ஒரு நிமிஷத்தில் ‘நான் ஒரு தண்டம்’ ஆகிவிடும். கவனித்துப் பாருங்கள், நம்மை நாமே திட்டும்போது பெரும்பாலும் ‘நான்’ என்றுகூட வராது. “உனக்கெல்லாம் எதுக்குடி வேலை” என்றுதான் வரும். எனக்கு அது சின்ன வயதில் அடுப்படியில் கேட்ட குரல். யாருடையது என்று தெரிந்துகொண்டதிலேயே பாதி வேகம் குறைந்தது. அதே வார்த்தையைத் தங்கையிடம் சொல்வேனா என்று கேட்டுக்கொண்டதில் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

போன மாதம் ஒரு லட்சம் என்று போட வேண்டிய இடத்தில் பத்து லட்சம் என்று மெயில் அனுப்பிவிட்டேன். கிண்டி பிளாட்பாரத்தில் நிற்கும்போதுதான் கவனித்தேன். தண்டம் என்ற சொல் வாய் வரை வந்தது. அதற்குள் தாம்பரம் வண்டியும் வந்தது. ஏறாமல் நின்று, திருத்தி அனுப்பினேன். மேனேஜரிடமிருந்து ஒரே வார்த்தை பதில்: “ஓகே.” அடுத்த வண்டியில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.