பழைய ரேடியம் கடிகாரத்தைக் கையாள்வது எப்படி?

1917 முதல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம், ஆரஞ்சு நகரில் கடிகார டயல்களுக்கு, ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ஒளிரும் வண்ணம் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அப்படித்தான் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் உள்ளே போனது. உடல் அதைக் கால்சியம்போல எலும்பில் சேர்த்துவைத்தது. பல் உதிர்ந்தது, தாடை எலும்பு அரித்தது. வெளியே இருக்கும்வரை ரேடியத்தின் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது. விழுங்கினாலும் மூச்சில் இழுத்தாலும்தான் பெரிய ஆபத்து. கீழே உள்ள எல்லாமே அதைத் தடுக்கத்தான்.

முதலில் அடையாளம். 1970களுக்கு முந்தைய கடிகாரமா, எண்களிலும் முட்களிலும் பழுப்பேறிய தடித்த பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். 6 என்ற எண்ணுக்குக் கீழே ‘T’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் ரேடியம் அல்ல, டிரிட்டியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள்.

இருட்டில் மின்னவில்லை என்றால் வீரியம் போய்விட்டது என்று நினைப்பதுதான் வழக்கமான தப்பு. கெட்டுப்போனது, பூச்சில் ரேடியத்தோடு கலந்து ஒளி தரும் துத்தநாக சல்பைடு மட்டுமே. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டுகள். நூறு ஆண்டில் சுமார் 4 சதவீதம்தான் குறையும்.

கதிர்வீச்சை எண்ணும் கருவியான கெய்கர் கவுன்ட்டர் கிடைத்தால், முதலில் கடிகாரம் இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு கண்ணாடியிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் வைத்து மறுபடி எண்ணுங்கள். ஆல்ஃபா கண்ணாடியிலேயே நின்றுவிடும்; அதைத் தாண்டி வரும் பீட்டா, காமா கதிர்கள் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிக்கொடுக்கும்.

மூடியைத் திறக்காதீர்கள். காய்ந்த பூச்சு பொடியாக உதிரும். சுரண்டவோ, ஊதவோ, வேக்குவம் கிளீனர் போடவோ கூடாது; பொடி அறை முழுக்கப் பரவும். கண்ணாடி உடைந்திருந்தால் கையுறை போட்டு, ஈரத் தாளால் துகளை ஒற்றி எடுத்து, கடிகாரத்தையும் தாளையும் கையுறையையும் இரண்டு ஜிப் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு மூடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவும்வரை எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

ஒரே ஒரு கடிகாரம், அதுவும் கண்ணாடி முழுசாக இருந்தால், அலட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. நிறையச் சேர்த்துவைப்பவர்களுக்குத்தான் ரேடான் தொல்லை: ரேடியம் சிதையும்போது வரும் இந்தக் கதிரியக்க வாயு மூடிய அலமாரியில் தேங்கும். படுக்கையறையைத் தவிர்த்து, காற்றோட்டமான அறையில் வையுங்கள்.

வேண்டாதது குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது. உங்கள் நாட்டின் கதிரியக்கக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கேளுங்கள். பழுதுபார்க்கக் கொடுப்பதானால், உள்ளே இருப்பது ரேடியம் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூடியைத் திறக்கப்போவது அவர்.