அண்டாவில் லிட்டர் கோடு போடுமுன் ஜக்கைத் தூக்கிப் போடுங்கள்

போன சனிக்கிழமை, இங்கே சிங்கப்பூரில், தெரிந்த தம்பி ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பீர் காய்ச்சப் புது எவர்சில்வர் அண்டா வாங்கியிருக்கிறார். உள்சுவரில் மார்க்கரால் ஒன்று முதல் இருபத்தைந்து வரை கோடு போட்டு, அதை நிரந்தரமாகப் பொறிக்க 9 வோல்ட் பேட்டரி, உப்பு, வினிகர் எல்லாம் மேசையில் தயாராக வைத்திருந்தார்.

“எதை வைத்து அளந்தீங்க?”

“வீட்டு ஜக்குதான் அண்ணே.”

என் பழைய முட்டாள்தனம் எதிரே உட்கார்ந்து சிரிப்பது போல இருந்தது. கையுறை போடு, அண்டாவை எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவு என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நான் சொன்னது வேறு.

ஜக்கை நம்புவது

நான் கோடு போட்டதும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜக்கால்தான். அதிலிருந்த கோடே இரண்டு மில்லிமீட்டர் தடிமன். நான் நிரப்பிய விதத்தில் ஒவ்வொரு முறையும் 40 மில்லி கூடுதலாகப் போயிருக்கிறது. ஒரு ஜக்குக்கு அது ஒன்றுமே இல்லை. இருபத்தைந்து ஜக்குக்கு முழுசாக ஒரு லிட்டர்.

இது போதாதென்று, பதினேழாவது ஜக்கை ஊற்றும்போது அம்மா கூப்பிட்டார், தேக்கா சந்தையிலிருந்து முருங்கைக்காய் வாங்கி வந்தேனா என்று. பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, ஊற்றிய பதினேழாவது ஜக்கையே மறுபடி ஊற்றினேன். எண்ணிக்கை ஒன்று தவறியது. ஆக, என் அண்டாவில் ‘25’ என்று அழகாகப் பொறித்த கோடு உண்மையில் 27 லிட்டர்.

அப்போது தெரியவில்லை. சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.050 வரவேண்டிய இடத்தில் 1.046 வந்தது. மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, சரியாக அரைக்கவில்லையோ என்று கடையை மாற்றினேன். மறுமுறை அரை கிலோ மால்ட் கூடுதலாகப் போட்டேன். தண்ணீரைக் குறை சொன்னேன். இங்கே உரிமம் இல்லாமல் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் காய்ச்சலாம், அதுவும் சொந்தக் குடிப்புக்கு மட்டும், விற்கக் கூடாது. அதனால் எனக்கு மாதம் ஒரு காய்ச்சல்தான். ஒவ்வொரு சந்தேகத்தையும் சோதிக்க ஒரு மாதம். பதினோரு மாதம் தண்ணி பீர் குடித்தேன்.

கடைசியில் நண்பர் வீட்டில் அளந்த 25 லிட்டர் தண்ணீரை என் அண்டாவில் ஊற்றிப் பார்த்தோம். 23-ஆம் கோட்டில் போய் நின்றது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எடை போடுங்கள். திருச்சிக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு எந்த வீட்டில் இல்லை? வாளியை அதில் மாட்டி, வாளி எடையைக் கழித்துவிட்டு, தண்ணீரை நிரப்புங்கள். நம் குழாய்த் தண்ணீரின் சூட்டில் ஒரு லிட்டர் 996 கிராம். ஐந்து லிட்டருக்கு 4.98 கிலோ. ஐந்து ஐந்தாக ஊற்றினால் ஐந்தே வாளி, எண்ணிக்கை தவறாது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் அடங்கியபின் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து டேப் ஒட்டுங்கள்.

அப்புறம் ஸ்கேலால் சரிபாருங்கள். உள்விட்டம் 36 செ.மீ. என்றால் ஒரு லிட்டருக்கு 9.8 மி.மீ. உயரம், ஐந்துக்கு 49. ஒரு இடைவெளி மட்டும் 59 என்று வந்தால் உங்களையும் யாரோ முருங்கைக்காய் கேட்டிருக்கிறார்கள். டேப்போடு ஒரு முறை காய்ச்சிப் பார்த்தபின் பேட்டரியைத் தொடுங்கள்.

ஸ்கேலாலேயே முதல் கோட்டையும் போடுவது

அண்டாவின் அடி ஓரம் வளைந்திருக்கும், நடு கொஞ்சம் மேலெழும்பியிருக்கும். முதல் ஐந்து லிட்டர் ஊற்றித்தான் தெரியும். அதற்கு மேல் ஸ்கேல்.

சாய்ந்த தரை

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கும் பின்பகுதித் தரை, தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்வாகத்தான் இருக்கும். அங்கே வைத்து அளக்காதீர்கள். காய்ச்சும் அடுப்பின் மேலேயே வைத்து அளங்கள்.

ப்ளஸ் அண்டாவுக்கு, மைனஸ் பஞ்சுக்குச்சிக்கு

உப்பு வினிகரில் நனைத்த பஞ்சு வழியாக மின்சாரம் பாய்ந்துதான் கோடு பொறிகிறது. மாற்றிக் கொடுத்தால் எதுவும் பொறியாது.

பஞ்சைச் சொட்டச் சொட்ட நனைப்பது

உப்பு கலந்த வினிகர் வழிந்து போகும் இடமெல்லாம் கறை விழும். ஸ்டென்சிலை (கோடும் எண்ணும் வெட்டிய அச்சுத் தாளை) சுற்றி அகலமாக டேப் ஒட்டுங்கள். பஞ்சைப் பிழிந்துவிட்டு, சில விநாடி வைத்து எடுத்து, மறுபடி வையுங்கள். கறுத்துப்போன பஞ்சை மாற்றுங்கள். உப்பில் மின்சாரம் பாய்ந்தால் கொஞ்சம் குளோரின் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கதவை மூடிய கழிவறையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். முடிந்ததும் சமையல் சோடா போட்டுக் கழுவுங்கள்.

பெயர் வெட்டும் மெஷின்

சீர்ப் பாத்திரத்தில் தாத்தா பெயர் வெட்டியது போல உள்ளே வெட்டிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அந்தப் புள்ளிக் குழிகளில் அழுக்கு குடியிருக்கும்.

அலுமினிய அண்டா

இந்தப் பேட்டரி முறை அதற்கு இல்லை.

சூடா, ஆறியதா?

ஆறிய தண்ணீரில் போட்ட கோடு, கொதிக்கும்போது பொய் சொல்லும். தண்ணீர் கொதிநிலையில் சுமார் நான்கு சதவீதம் விரிகிறது, அதாவது 25 லிட்டர் 26-ஆகத் தெரியும். அடுப்பை அணைத்ததும் கோட்டைப் பார்த்து “ஒரு லிட்டர் அதிகம், இன்னும் கொதிக்கட்டும்” என்று விட்டால் கடைசியில் ஒரு லிட்டர் குறையும். குளிர்விக்கும் செம்புச் சுருள் உள்ளே கிடந்தாலும் மட்டம் ஏறும், எடுத்துவிட்டுப் பாருங்கள்.

எந்தக் கணக்கில் போட்ட கோடு என்பதை அண்டாவிலேயே எழுதிவிடுவது நல்லது. என் அண்டாவில் பழைய கோடுகளுக்கு எதிர்ப்பக்கம் புதுக் கோடுகளைப் பொறித்து, மேலே ‘ஆறியது’ என்று எழுத ஆரம்பித்தேன். ‘ஆ’ முடிந்ததும் பேட்டரி தீர்ந்துபோனது. பார்க்கிறவர்களெல்லாம் என் மனைவி பெயரின் முதல் எழுத்து என்று நினைக்கிறார்கள். அவள் பெயர் மீனாட்சி.