கையடக்க ஜிபிஎஸ்: சோதித்துப் பார்க்கும்போது செய்யக் கூடாதவை

மலையேற்றத்துக்கென்று ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கியதும் பலரும் மொட்டை மாடிக்குப் போய், திரையில் ‘±3 மீ’ வருகிறதா என்று பார்க்கிறார்கள். வந்துவிட்டால் கருவி பாஸ். ஆனால் அது கருவி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். செயற்கைக்கோள்கள் வானில் பரவியிருக்கும் விதம், சிக்னலின் வலு போன்றவற்றை வைத்துப் போடும் கணிப்பு, அவ்வளவுதான். பாறைச்சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் எவ்வளவு ஏமாற்றியது என்பது அதற்கே சரியாகத் தெரியாது. அதனால் மாடியில் கிடைத்த எண்ணை நம்பிச் சோலைக்காட்டுக்குள் போகாதீர்கள். எங்கே பயன்படுத்தப் போகிறீர்களோ, அதைப் போன்ற இடத்தில்தான் சோதிக்க வேண்டும்.

ஒரே இடத்தில் நின்று அடுத்தடுத்துப் பத்து முறை புள்ளி குறிப்பதும் வீண் வேலை. சில நிமிடங்களில் செயற்கைக்கோள்களின் அமைப்பு பெரிதாக மாறாது. பத்துப் புள்ளிகளும் சேர்ந்தே ஒரு பக்கம் விலகியிருக்கும். பார்க்க என்னவோ பிரமாதமாக இருக்கும். மறுநாள் போய்க் குறியுங்கள், அதுவும் வேறு நேரத்தில். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் அமைப்பு சுமார் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வருவதால், அதே நேரத்துக்குப் போனால் முந்தைய நாளின் வானமேதான் கிடைக்கும். அப்புறம், அந்தப் புள்ளிகளை இணைய வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்தப் படமே சில மீட்டர் தள்ளி இருக்கலாம்.

பெட்டியைப் பிரித்த உடனே ‘ரொம்ப ஸ்லோ’ என்று சொல்வதும் அநியாயம். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையை வானிலிருந்து வாங்கவே 12.5 நிமிடம் ஆகும். முதல் முறை திறந்தவெளியில் கால் மணி நேரம் வைத்துவிடுங்கள்.

இரண்டு கருவிகளை ஒப்பிடுகிறீர்களா? பிடிக்கும் விதத்தைக் கவனியுங்கள். கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 66 போல மேலே ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பவற்றை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அதே நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வகையைப் படுக்கையாக, திரை வானம் பார்க்க. இரண்டையும் ஒரே மாதிரி பிடித்தால் ஒன்றுக்கு நியாயம் கிடைக்காது.

உயரத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். காற்றழுத்தமானி உள்ள கருவியில், காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) மாறினால் உயரம் சுமார் 8 மீட்டர் மாறிக் காட்டும். நம் வெப்பமண்டலத்தில் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்குவது சாதாரணம். அதாவது, முகாமில் அசையாமல் உட்கார்ந்திருந்தாலே இருபது மீட்டருக்கு மேல் ‘ஏறிவிடலாம்’. உயரம் தெரிந்த இடத்தில் முதலில் திருத்திக்கொள்ளுங்கள். ரயில் நிலைய மஞ்சள் பலகையில் கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும், அதுவே போதும்.

திசைகாட்டி வசதியையும் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். ஈட்ரெக்ஸ் 22எக்ஸில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது, நடந்தால்தான் திசை தெரியும். 32எக்ஸில் உண்டு.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒன்று: ஜிபிஎஸ்மேப் ‘67i’ போல, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் மாடல்களை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் இதற்காகப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். அந்த வசதி இல்லாத 67 தனியாகவே கிடைக்கிறது.