சாரலுக்கு ஒன்று, வெக்கைக்கு ஒன்று

வாசிக்க நேரமில்லை என்று குறைப்படுபவர்கள் பலருக்கும், நேரம் வாய்க்கிற வேளையில் கையில் புத்தகம் இருப்பதில்லை. ஆகவே பருவம் தொடங்குமுன்பே, அதற்கென ஒரே ஒரு புத்தகத்தைத் தேர்ந்து பையில் போட்டுவிட வேண்டும். வாங்க இயலாதவர்களுக்குப் பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது.

ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துப் பக்கம் சாரல் அடிக்கும்போது சிறுகதைகளே ஏற்றவை. 2016-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற வண்ணதாசனின் ‘ஒரு சிறு இசை’யில் தொடங்கலாம். நெல்லையிலிருந்து செங்கோட்டை செல்லும் பாசஞ்சரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. ஆனால் சேரன்மகாதேவி வரை ஏறுவோர் இறங்குவோர் பேச்சு ஓயாது என்பதால், அம்பாசமுத்திரம் தாண்டிய பிறகே நான் புத்தகத்தைத் திறப்பது வழக்கம். கீழக்கடையத்தை நெருங்கும்போது ஜன்னல் வழியே தூற்றல் விழுந்து தாளின் ஓரம் நெளியத் தொடங்கும். மூடி வைக்க மனம் வராமல் முந்தானையாலோ துண்டாலோ மறைத்துக்கொண்டு வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போக ஒரு கதை, வர ஒரு கதை. அதற்குமேல் வேண்டாம், ஏனெனில் வண்ணதாசனை அடுக்கடுக்காக வாசித்தால் ஒரு கதையின் ஈரம் காயுமுன் அடுத்தது அதை அழித்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே போக்கிடம் இல்லாத மாலைகளுக்குக் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ பொருந்தும். பாட்டி கதை சொல்லும் இடங்களை வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். ஈரச் சுவரை ஒட்டிப் புத்தகங்களை அடுக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

மார்கழிக்குப் புதுமைப்பித்தன்.

சித்திரைக்கு எளிதான புத்தகமே நல்லது என்பார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. தெருவில் ஆள் நடமாட்டமற்ற மதியம் இரண்டு முதல் நான்கு மணி வரை ஆண்டிலேயே நீளமான ஓய்வு. 1982-இல் வெளியான பூமணியின் ‘வெக்கை’யை அப்போதுதான் எடுக்க வேண்டும். தலைமறைவாகத் திரியும் தந்தையும் மகனும் கரிசல் வெயிலில் தண்ணீர் தேடும்போது, உங்கள் தார்சாவில் இருக்கும் மண்பானையை நோக்கித் தானாகவே கை நீளும்.

நாளைக்கு 15 பக்கம் என்று வைத்துக்கொண்டாலும் 200 பக்க நாவல் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். இடையில் இரண்டு நாள் விட்டுப்போனால் பின்னோக்கிப் புரட்டாமல், நிறுத்திய பக்கத்திலிருந்தே தொடருங்கள்.