ஃபிரிகேட் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த இருவர் போன வாரம் ஃபிரிகேட் என்ற போர்க்கப்பலின் எடைக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார்கள். ரேடார், ஏவுகணைகள், எஞ்சின்கள் எல்லாம் இருந்தன. கேபிளைக் காணோம். ஆரம்பத்தில் நான் போட்ட கணக்கிலும் கேபிள் விட்டுப்போயிருந்தது. ஒரு ஃபிரிகேட்டில் ஓடும் கேபிளின் நீளம் பல நூறு கிலோமீட்டர். அளவைத் தப்பாகப் படிப்பது, பழைய வரைபடத்தை வைத்து வேலை செய்வது போன்றவை ஒருமுறை திட்டு வாங்கினாலே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வரைபடம் முடியுமுன் எஃகை வெட்டுவது

இதை மட்டும் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முதல் தகட்டை வெட்டிவிட்டால் வேலை நகர்வதாக மேலே இருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி. வலி தெரிவது பிறகுதான்.

நான் வேலை பார்த்த ஒரு கப்பலில், எஞ்சின் அறைக்கு மேல் வரும் பிளாக்குக்கு (தனியாகக் கட்டிப் பிறகு கப்பலோடு இணைக்கும் பெரிய பகுதி) பெயிண்ட் அடித்து, வெப்பக்காப்பு ஒட்டி, கேபிள் தட்டுகளையும் மாட்டிவிட்டோம். அப்புறம்தான் குளிரூட்டும் காற்றுக்குழாயின் இறுதி வரைபடம் வந்தது. மின்னணுக் கருவிகளின் வெப்பம் முதலில் நினைத்ததைவிட அதிகம் என்பதால் குழாய் பெருத்திருந்தது. அது போக வேண்டிய இடத்தில் தளத்தைத் தாங்கும் உத்தரம் நின்றது. தட்டுகளைக் கழற்றினோம், வெப்பக்காப்பை உரித்தோம், உத்தரத்தில் துளை போட்டு அதைச் சுற்றி வலுத்தகடு பற்றவைத்தோம். வெல்டிங் சூட்டில் மறுபக்கத்துப் பெயிண்ட் கொப்பளித்துக் கருகியது. அதையும் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

பட்டறையில் ஒரு மணி நேரம் ஆகும் வேலை பிளாக்கில் 3 மணி நேரமும், மிதக்கும் கப்பலில் 8 மணி நேரமும் பிடிக்கும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. அன்று அதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

அமெரிக்காவின் கான்ஸ்டலேஷன் வகுப்பு ஃபிரிகேட்டுகளிலும் நடந்தது இதுதான். ஐரோப்பாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஃபிரெம் ஃபிரிகேட்டை மூலமாக வைத்து 2020இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஓடுகிற கப்பல்தானே என்ற தைரியத்தில், வடிவமைப்பு முடியாமலேயே 2022 ஆகஸ்டில் கட்டத் தொடங்கினார்கள். தங்கள் கடற்படை விதிகளுக்கு ஏற்ப ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற, மூலக் கப்பலின் சாயலே மங்கிவிட்டது. எடை 10 சதவீதத்துக்கும் மேல் ஏறியது, முதல் கப்பல் சுமார் 3 ஆண்டு தள்ளிப்போனது. 2025 நவம்பரில், முதல் இரண்டைத் தவிர மற்ற கப்பல்களைக் கைவிட்டார்கள்.

எடையை மட்டும் எழுதி, உயரத்தை விடுவது

அடித்தளத்தில் கூடும் ஒரு டன்னும் ரேடார் கோபுரத்தில் கூடும் ஒரு டன்னும் ஒன்றல்ல. மேலே ஏறும் எடை, கப்பல் சாய்ந்தால் நிமிரும் திறனைத் தின்றுவிடும்.

தடுப்புச் சுவரைத் துளைக்கும் எதையும் அலட்சியமாக விடுவது

தடுப்புச் சுவர் என்பது ஓர் அறையில் புகுந்த தண்ணீர் அடுத்த அறைக்குப் போகாமல் தடுக்கும் சுவர். நார்வேயின் ஹெல்கே இங்ஸ்டாட் என்ற ஃபிரிகேட் 2018 நவம்பர் 8 அன்று ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பின்பக்க ஜெனரேட்டர் அறையில் புகுந்த தண்ணீர், கப்பலைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும், உள்ளே வெற்றாக இருந்த தண்டு வழியாகவே கியர் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், சுவரைக் கடந்து போகும் தண்டு, குழாய், கேபிள் ஒவ்வொன்றின் உள்ளேயும் தண்ணீர் ஓடுமா என்று பாருங்கள்.

எதிர்காலத்துக்கு வைத்த எடையை இன்றே செலவழிப்பது

பின்னாளில் புதுக் கருவிகளைச் சேர்க்க ஒதுக்கி வைத்த எடை அது. இன்றே செலவழிக்கக் கூடவே கூடாது.

பழுதான பம்ப் வெளியே வர வழி வைக்காதது

அந்த வழியை வரைந்து காட்டாத அறைக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.