சீண்டலுக்கு ஆளாகும் பிள்ளையிடம் கதைப்புத்தகத்தை எப்படிக் கொண்டுபோவது?

வகுப்பில் மகளைச் சிலர் தொடர்ந்து சீண்டுகிறார்கள் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை, அதே விஷயத்தைப் பற்றிய கதைப்புத்தகம் ஒன்றை வாங்கி வந்ததுதான். கையில் கொடுக்கும்போது, "படிச்சுப் பாரு, அப்படியே உன் கதை மாதிரி இருக்கு" என்றும் சொல்லிவைத்தேன். புத்தகம் இரண்டு மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பிறகு ஒருநாள் கேட்டதற்கு, "அதுல வர்ற பொண்ணு எப்பப் பாத்தாலும் அழுதுக்கிட்டே இருக்கா. நான் அப்படியா இருக்கேன்?" என்றாள்.

புத்தகத்தின் மேல் தவறில்லை, கொடுத்த விதம்தான் தவறு. மனச்சிக்கலுக்குப் புத்தகத்தைத் துணையாக்கும் முறைக்கு பிப்லியோதெரபி என்று பெயர். 1916-ல் சாமுவேல் குரோதர்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் புழங்கவிட்ட சொல் அது. மருத்துவர்கள் செய்யும் சிகிச்சையை வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆனால் ஒரு கதையை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவது எல்லோராலும் முடியும். நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசை இது.

படி 1: சண்டையா, சீண்டலா?

இரண்டு பேர் சரிசமமாக மோதிக்கொண்டால் அது சண்டை. சீண்டல் வேறு. 1970-களிலிருந்து இதை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரு பக்கத்துக்கும் பலம் சமமாக இல்லாதது. பலம் என்றால் உடல் பலம் மட்டுமில்லை. ஆள்பலம், வயது, செல்வாக்கு, யாரோ ஒருவரின் போனில் இருக்கும் ஒரு படம், எதுவும் பலம்தான். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கிவைப்பதும், வாட்ஸ்அப் குழுவில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும் இதில் அடக்கம்.

இதை முதலில் பிரித்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. சண்டைக்குச் சமாதானக் கதை பொருந்தும். சீண்டலுக்கு அதே கதையைக் கொடுத்தால், அடிவாங்கியவனே இறங்கிப்போக வேண்டும் என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

படி 2: புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள்

அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, நான் முடிவைப் பார்க்காமல் எந்தப் புத்தகத்தையும் கொடுப்பதில்லை. இந்த வகைக் கதைகளில் சில முடிவுகள் அடிக்கடி வரும், எனக்கு அவற்றோடு ஒத்துப்போகாது.

ஒன்று, சீண்டப்பட்ட பிள்ளை ஏதோ பெரிய திறமையைக் காட்டும், அல்லது சீண்டியவனையே ஆபத்திலிருந்து காப்பாற்றும். உடனே எல்லோரும் கைதட்டுவார்கள். அப்படியானால் பாட்டும் ஓட்டமும் வராத சாதாரணப் பிள்ளை என்ன செய்யும்? மரியாதையைச் சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்றல்லவா அது சொல்லிக்கொடுக்கிறது! இன்னொன்று, ஒரே குத்து, எதிரி ஓட்டம். படிக்க ஜோராக இருக்கும். நிஜத்தில் பலம் குறைந்த பிள்ளை கை ஓங்கினால் இன்னும் மோசமாக அடிபடும், கடைசியில் தண்டனையும் அதற்கே கிடைக்கலாம். மூன்றாவது, கடைசிப் பக்கத்தில் இருவரும் உயிர்த்தோழர்கள் ஆகிவிடுவது. அப்படி ஆகவேண்டிய கடமை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது.

பெரியவர்கள் எல்லோரும் முட்டாள்களாக வரும் கதைகளையும் தனியாக வைத்துவிடுவேன். சிரிப்பாக இருக்கும், வேறு சமயத்தில் படிக்கட்டும். இந்தச் சமயத்தில், சொன்னால் கேட்டுக்கொண்டு ஏதாவது செய்கிற ஒரே ஒரு பெரியவராவது கதையில் வேண்டும். சீண்டப்படும் பாத்திரத்துக்குச் சீண்டலைத் தவிர வேறு வாழ்க்கையும் இருக்க வேண்டும்: ஒரு நகைச்சுவை, ஒரு பைத்தியம் பிடித்த பொழுதுபோக்கு, ஒரு நண்பர். என் மகள் கேட்டதும் அதைத்தானே.

வயதுக்கு ஏற்ப மாறும். சின்னக் குழந்தைகளுக்கு விலங்குகள் வரும் படக்கதை நல்லது. முயலுக்கு நடந்ததைப் பற்றிப் பேசக் கூச்சம் வராது. பத்து வயதை ஒட்டியவர்களுக்குப் பல பேர் மாறிமாறிச் சொல்லும் நாவல்கள் பிடிக்கும். ஆர். ஜே. பலாசியோவின் 'வொண்டர்' (2012) அப்படிப்பட்டது. மற்றவர்களிலிருந்து வேறுபட்ட முகத்தோடு பிறந்த சிறுவனின் கதையை அவன் மட்டுமல்ல, அக்காவும் நண்பர்களும் சொல்கிறார்கள். பதின்பருவத்தினருக்குத் தங்களைவிட ஓரிரு வயது மூத்த நாயகரே வேண்டும். புத்திமதி வாடை அடித்தால் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள்.

படி 3: கொடுக்கும்போது காரணம் சொல்லாதீர்கள்

சின்னப் பிள்ளை என்றால் மடியிலோ பக்கத்திலோ வைத்து வாசித்துக் காட்டுங்கள். வேறு கதைகளுக்கு நடுவே இதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. பெரிய பிள்ளையிடம், "நான் படிச்சிட்டிருக்கேன், முடிச்சதும் வேணும்னா எடுத்துக்கோ" என்பது போதும். உண்மையிலேயே படித்திருக்க வேண்டும், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 4: கதாபாத்திரத்தைப் பற்றியே பேசுங்கள்

இந்தப் படிக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். "உனக்கும் இப்படி நடக்குதா?" என்ற கேள்வியை நாக்கின் நுனியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளை கதைக்குள் மறைந்துகொண்டு பேசுவதுதான் இந்த முறையின் பலமே. 1949-ல் கரோலின் ஷ்ரோட்ஸ் என்ற ஆய்வாளர் இதை மூன்று கட்டங்களாக விளக்கினார்: வாசிப்பவர் பாத்திரத்தில் தன்னைக் காண்கிறார், அடைத்துவைத்த உணர்ச்சி வெளியேறுகிறது, பிறகு தன் நிலைமை பற்றி ஒரு தெளிவு வருகிறது. முதல் கட்டம் முடியும் முன்னே நாம் மூன்றாவதுக்கு இழுத்தால் கதவு சாத்திக்கொள்ளும்.

வாசிப்பில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். நான் கேட்கும் கேள்விகள் இப்படி இருக்கும்:

- இவன் ஏன் அம்மாகிட்ட இன்னும் சொல்லலை?
- இந்த இடத்துல அவனுக்கு வயித்துல என்ன பண்ணியிருக்கும்?
- அந்த டீச்சர் பண்ணது சரியா? நீ டீச்சரா இருந்தா?

முதல் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "சொன்னா அம்மா ஸ்கூலுக்கு வந்து கத்துவாங்க" என்று பிள்ளை சொன்னால், அது கதையில் வரும் அம்மாவைப் பற்றியதாக இல்லாமலும் இருக்கலாம். பதிலே வராவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.

படி 5: சும்மா நிற்பவர்களைத் தேடுங்கள்

ஃபின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லியும் உடன் ஆய்வாளர்களும் 1996-ல் ஒன்றைக் காட்டினார்கள். வகுப்பில் சீண்டுபவர், சீண்டப்படுபவர் என்று இரண்டு பேர் மட்டும் இல்லை. கூடச் சேர்ந்துகொள்பவர்கள், சிரித்து ஏற்றிவிடுபவர்கள், ஒதுங்கி நிற்பவர்கள், காப்பாற்ற வருபவர்கள் என்று மற்றவர்களுக்கும் பாத்திரம் உண்டு. கதையை நிறுத்தி, "இங்க யார் யார் என்ன பண்றாங்க?" என்று ஒரு தாளில் படம் போடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது துப்பறிவது மாதிரி.

இதற்கென்றே எழுதியதுபோல ஒரு பழைய புத்தகம் உண்டு: எலினார் எஸ்டஸ் 1944-ல் எழுதிய 'தி ஹண்ட்ரட் டிரெஸஸ்'. தினமும் ஒரே வெளுத்த நீல உடையில் வரும் வாண்டா, வீட்டில் தன்னிடம் நூறு உடைகள் இருப்பதாகச் சொல்ல, வகுப்பு சிரிக்கிறது. ஆனால் நாம் அதிகம் உடனிருப்பது மேடி என்ற பெண்ணோடு. அவள் சீண்டுவதில்லை, தோழி சீண்டும்போது வாயைத் திறக்காமல் நிற்கிறாள். வாண்டாவின் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. நேரில் மன்னிப்புக் கேட்க மேடிக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

கனடாவில் விளையாட்டுத் திடல்களைப் படம்பிடித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சக பிள்ளைகள் குறுக்கிட்ட தருணங்களில் பாதிக்கும் மேல் 10 விநாடிக்குள் சீண்டல் நின்றிருந்தது. குறுக்கிடுவது என்றால் எதிர்த்து நிற்பதுதான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். "வா, டீச்சர் கூப்பிடுறாங்க" என்று சீண்டப்படுபவரைக் கூட்டிக்கொண்டு போவதும், சிரிக்காமல் இருப்பதும், பிறகு தனியாக "அவங்க பண்ணது தப்பு" என்று ஒரு செய்தி அனுப்புவதும் குறுக்கிடுவதுதான். மேடி என்னென்ன செய்திருக்கலாம் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைதான் சீண்டுகிறது என்று புகார் வந்திருந்தாலும் இந்தப் படியிலிருந்தே தொடங்கலாம். கெட்டவன், நல்லவன் என்று கதையைப் பிரிக்கும் புத்தகத்தைத் தள்ளிவையுங்கள். அதில் தன்னைக் காண யாருக்கும் மனம் வராது.

படி 6: "எனக்கும் இப்படித்தாம்மா" என்று வந்தால்

புத்தகத்தை மூடிவிடுங்கள். அதன் வேலை முடிந்தது, இனி உங்கள் வேலை. "நீ ஏன் திருப்பி ஒண்ணும் சொல்லலை?" என்று கேட்காதீர்கள். "சொன்னது நல்லது. இது உன் தப்பில்லை" என்பதுதான் முதல் வாக்கியம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாது. அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள்.

அன்றிரவே தேதி, இடம், நடந்தது, பார்த்தவர்கள் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். போனில் வந்தவை என்றால் அழிக்கும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். எதிர்ப்பக்கப் பெற்றோருக்கு நேரடியாகப் போன் போடுவது பெரும்பாலும் இரண்டு குடும்பச் சண்டையில்தான் முடியும். பள்ளி வழியாகப் போங்கள், எழுத்தில் கொடுங்கள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்லலாம் என்று பள்ளி முன்வந்தால் மறுத்துவிடுங்கள். பலம் சமமாக இல்லாத இடத்தில் அது சீண்டப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு முறை நடக்கும் சீண்டல்.

பிள்ளை தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, பள்ளி என்றாலே வயிற்றுவலி வருகிறது என்றால் மனநல ஆலோசகரைப் பார்க்க நாள் கடத்தாதீர்கள். "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும், தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தடம் தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், அதுவரை பிள்ளையைத் தனியாக விடக்கூடாது.

பாதியில் மூடிய புத்தகத்தை என்ன செய்வது? கை எட்டும் தட்டில், மற்றவற்றோடு வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கட்டிலடிப் புத்தகத்தின் எழுபதாம் பக்கத்தில் இப்போது ஒரு பஸ் டிக்கெட் செருகியிருக்கிறது. நான் செருகியதில்லை. இதுவரை கேட்கவும் இல்லை.