நாற்காலி வரைந்த கையால் டம்ளர் வரைய

எங்கள் ஸ்டூடியோவில் வீடு வரைவோம், உள்ளலங்காரம் செய்வோம், மேசை நாற்காலியும் உண்டு. கடைசியாக வந்து சேர்ந்தது கண்ணாடி டம்ளர். அதிகம் படுத்தியதும் அதுதான். நீங்களும் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் நான் செய்யும் விதம் இது.

முதலில் கம்ப்யூட்டரை மூடி வையுங்கள். வீட்டை 1:50 அளவில் வரைகிறோம். அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு கட்டடத்தில் இரண்டரை சென்டிமீட்டர். பூச்சுவேலை அதை விழுங்கிவிடும். டம்ளரின் சுவரே 2 மி.மீ. தான், அதே கோடு அதில் கால் பங்கைத் தின்றுவிடும். அதனால் கூர்சீவிய பென்சிலால் நிஜ அளவில், டம்ளரை நெடுக்காக அறுத்தால் தெரியும் வடிவத்தை வரையுங்கள்.

கொள்ளளவை அப்போதே பார்த்துவிடுங்கள். உள்விட்டம் 7 செ.மீ., உள்உயரம் 8 செ.மீ. என்றால் விளிம்பு வரை சுமார் 308 மி.லி. பிடிக்கும். 250 ஊற்றினால் மேலே ஒன்றரை செ.மீ. மிஞ்சும். சிந்தாமல் குடிக்க அது போதும்.

அடுத்தது அடிப்பாகம். நான் சறுக்கியது இங்கேதான். மேசைக்கால் புத்தியில் அடியை 2 செ.மீ. தடிமனாகவும் சுவரைக் காகிதம் போலவும் வரைந்து கொடுத்தேன். கண்ணாடி ஊதுபவர் மூன்று டம்ளர் ஊதினார், மூன்றும் விரிசல் விட்டன. "விளிம்பு ஆறிடுச்சு சார், அடி ஆறவே இல்ல. ரெண்டும் இழுத்துக்கிட்டா வெடிக்காம என்ன செய்யும்?" என்றார். இப்போது 8 மி.மீ.க்கு மேல் அடி வைப்பதில்லை. சுவரும் அடியும் சேரும் உள்மூலையை வளைத்தே விடுகிறேன்.

எடை தெரிய ஒரு குறுக்குவழி உண்டு. கண்ணாடி தண்ணீரைப் போல இரண்டரை மடங்கு கனம். மேலே சொன்ன டம்ளரில் கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 70 க.செ.மீ.; ஆக 175 கிராம். அந்த எடைக்குக் காகிதக் கப்பில் மணலைப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். மரத்தில் கடைந்தெடுத்த டம்ளர், கையில் பிடிக்க எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் உதவும், கனத்தைச் சொல்லாது.

அப்புறம் அச்சு. ஊறவைத்த மர அச்சுக்குள் ஊதும்போது நடுவே நீராவி மெத்தை போல நிற்கும். உருண்டை டம்ளரை அதில் சுழற்றுவார்கள், அச்சின் இணைப்புக்கோடு விழாது. வளைந்து நெளிந்த வடிவத்தைச் சுழற்ற முடியாது. கட்டடம், நாற்காலி, கண்ணாடி மூன்றையும் செய்த ஆல்வார் ஆல்ட்டோவின் 1936 பூச்சாடி அப்படிப்பட்டது. முதலில் மர அச்சில்தான் ஊதினார்கள். சதுர டம்ளர் ஆசை இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மாதிரி கைக்கு வந்ததும் நான் நேராகப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குத்தான் போவேன். ஸ்பாஞ்சோடு விரல்கள் அடிவரை போகவில்லையா? சரி, வாயை 5 மி.மீ. அகலமாக்கி மறுபடி வரைய வேண்டியதுதான்.